பொட்டு வைத்த ஓவன்

திங்கட்கிழமை காலை பத்து மணியளவில், திருச்சியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் பஸ்ஸின் கண்டக்டர், கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் பிரியும் விலக்கில் இருந்த டீக்கடையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அது டீக்கடையிலிருந்து ஒரு லோடு ஆட்டோவுக்கும், அங்கிருந்து சிவனாண்டியின் பிளேட்டிங் பட்டறைக்கும் கைமாறி, கடைசியில் அங்கே தரம் பார்க்கும் ஜாய்ஸின் மேசைக்கு வந்து சேர்ந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி, சைக்கிள் டியூப்பை வெட்டிய ரப்பரால் இறுக்கியிருந்தார்கள். ஜாய்ஸ் ரப்பரை அறுக்காமல் நகத்தால் மெல்ல நெம்பிக் கழற்றி, தாள் கிழியாமல் விரித்தாள். உள்ளே ஒரு போல்ட்டின் தலை மட்டும் இருந்தது. பெரிய நெல்லிக்காய் அளவு. ஆறு பக்கமும் வெள்ளி போல மின்னியது. அந்தப் பட்டறையிலேயே பூசிய துத்தநாகப் பூச்சு. கூடவே, நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் நாலு வரி எழுதியிருந்தது.

'அண்ணே, கிரேன்ல மாட்டின போல்ட்டுல ஒண்ணு நேத்துக் காலையில தலை கழண்டு கீழ கிடந்துச்சு. வண்டி ஓடல, சும்மாதான் நின்னுச்சு. ஸ்பேர் இருந்துச்சு, மாட்டிட்டேன். என்னன்னு பாத்துச் சொல்லுங்க. பேச்சிமுத்து.'

ஜாய்ஸ் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். 'சும்மாதான் நின்னுச்சு' என்ற இடத்தில் அவள் கண் இரண்டு முறையும் நின்றது. பிறகு இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, தலையைத் திருப்பி, அது முறிந்த முகத்தைப் பார்த்தாள். அளவுக்கு மீறி முறுக்கிய போல்ட் இப்படி முறியாது. அது முதலில் நீளும், இடுப்பு மெலியும், கடைசியில்தான் அறும். இதில் மெலிவே இல்லை. கற்கண்டை உடைத்த இடம் போல, முகம் முழுவதும் பொடிப் பொடியாக மினுமினுத்தது. அவள் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு, கைகளை மடியில் துடைத்துக்கொண்டாள். கைகளில் ஈரம் எதுவும் இல்லை.

பேச்சிமுத்து கொட்டாம்பட்டியில் கிணறு வெட்டும் கிரேன் வைத்திருப்பவர். கிணற்று விளிம்பில் அதை நிறுத்தி, நீண்ட கையை உள்ளே நீட்டி, அடியில் வெடி வைத்துப் பெயர்த்த கல்லைப் பக்கெட்டில் அள்ளி மேலே கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆட்கள் இறங்குவதும் ஏறுவதும் அதே பக்கெட்டில்தான். அந்தக் கையைத் தாங்கிச் சுழலும் இரும்புத் தட்டைக் கீழே உள்ள சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை பன்னிரண்டு போல்ட்டுகள். சாதாரண இரும்பு அந்த வேலைக்கு ஆகாது என்று, இருப்பதிலேயே உறுதியான எஃகில் இருபது போல்ட்டுகள் வாங்கி, கிணற்று ஈரத்தில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூச்சுப் போட்டுத் தரும்படி அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அது ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். மறுநாளைக்கு மறுநாள் விஜயதசமி. அன்று நல்ல நேரத்தில் கிரேனைக் கிளப்பிவிட வேண்டும், மழைக்கு முன்னால் ஒரு கிணற்றையாவது முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

பூச்சுப் போடுமுன் இரும்பை ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். பிறகு கரண்ட் ஓடும் தொட்டியில் தொங்கவிடுவார்கள். இரண்டிலும் இரும்பின் மேல் குமிழ் குமிழாகக் கிளம்புவது ஹைட்ரஜன். பெரும்பகுதி காற்றோடு போய்விடும். கொஞ்சம் இரும்புக்குள் புகுந்துவிடும். கேட்பவர்கள் சிரிப்பார்கள்; முதல் வருஷம் கல்லூரியில் படித்தபோது ஜாய்ஸுக்கே நம்பிக்கை வரவில்லை. அதிலும் விந்தை, மென்மையான இரும்பை அந்த வாயு ஒன்றும் செய்வதில்லை. அது வளைந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். வளையவே மாட்டேன் என்று நிற்கும் உறுதியான எஃகைத்தான் உள்ளிருந்து நொறுங்கச் செய்துவிடும். உள்ளே புகுந்த வாயுவை வெளியேற்ற ஒரே வழி, பூச்சு முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து, இருநூறு டிகிரியில் பன்னிரண்டு மணி நேரம் சுடுவது. ஓவனுக்குப் பக்கத்துச் சுவரில் இதை ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருப்பவள் ஜாய்ஸ்தான். குண்டு குண்டான, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து.

ஆயுத பூஜை அன்று காலை பத்து மணிக்கு அந்த இருபது போல்ட்டுகளும் தொட்டியிலிருந்து வெளியே வந்தன. பதினொரு மணிக்குப் பூஜை. அதற்குள் பட்டறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் வாழைக்கன்று, ஒவ்வொரு எந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். ஓவனுக்குத்தான் மாலை பெரிது. தொட்டியில் போல்ட்டுகளைக் கோத்துத் தொங்கவிடும் பாண்டிச்செல்வி, அதன் கதவில் மூன்று பெரிய பொட்டுகளை அழகாக வைத்திருந்தாள். பூஜை முடிந்த எந்திரத்தை மறுநாள் வரை இயக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அன்று அவற்றுக்கும் ஓய்வு. ஜாய்ஸ் வழக்கம்போல எல்லாருக்கும் பின்னால் நின்றாள். மிஷன் பள்ளி எழுத்தர் சவரியப்பனின் மகள் அவள். அந்தப் பட்டறையில் பூஜைக்குக் கும்பிடாமல் நிற்பவள் அவள் ஒருத்திதான். அதை இதுவரை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சிவனாண்டி தானே திருமங்கலம் போய் கேக் வாங்கி வருவார். அப்படிப்பட்டவர்களின் சாமி நாளில், மாலை போட்ட எந்திரத்தைப் போடச் சொல்வது தனக்கு அழகல்ல என்று அவளுக்குத் தோன்றியது. கற்பூரத் தட்டோடு சிவனாண்டி கடந்தபோது, "மன்னிச்சுக்கங்க சார், அந்தக் கொட்டாம்பட்டி போல்ட் மட்டும்..." என்று ஆரம்பித்தாள். மணிச் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். "நாளைக்குப் பாத்துக்கலாம்மா, பொரி வாங்கிக்க" என்றார். அவள் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓவனைப் போட்டார்கள். பதினொன்றரைக்குப் பேச்சிமுத்து வந்துவிட்டார். நல்ல நேரம் ஒன்றரையோடு முடிகிறதாம், அதற்குள் முதல் போல்ட்டையாவது மாட்ட வேண்டுமாம். சூடு ஆறாத பதினாறு போல்ட்டுகளைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். எந்தச் சரக்கிலும் நான்கை மாதிரிக்காக நிறுத்திக்கொள்வது ஜாய்ஸின் வழக்கம். சிவனாண்டி ஓவன் நேரங்களைப் பதியும் கோப்பைக் காட்டி, "எப்பவும் போல எழுதிரும்மா" என்றார். ஓவனில் வைத்த நேரம் பகல் பன்னிரண்டு, எடுத்த நேரம் இரவு பன்னிரண்டு என்று அவள் எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டாள். எழுதும்போது பேனா நடுங்கவில்லை. திங்கட்கிழமை, அந்தத் தலையைக் கையில் வைத்திருந்தபோது அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்தியது இதுதான்.

சிவனாண்டி தலையை வாங்கி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார்.

"ஸ்பேனர்ல பைப்பை மாட்டி மேல ஏறி நின்னு முறுக்கியிருப்பான்மா. பேச்சிமுத்துக்கு எதையும் அளவா முறுக்கத் தெரியாது."

"முறுக்கினதுல போயிருந்தா மெலிஞ்சிருக்கும் சார். இது மெலியவே இல்ல."

"அதான் மறுநாள் சுட்டோமே?"

"மூணரை மணி நேரம் சார். அதுவும் இருபத்திரண்டு மணி நேரம் கழிச்சு."

சிவனாண்டியின் கண் அலமாரியில் இருந்த கோப்பின் மேல் போய்த் திரும்பியது. ஜாய்ஸின் கண்ணும் அதே இடத்துக்குப் போயிருந்தது. சிவனாண்டி போனில் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "ஒரு போல்ட் போனதுக்கா இம்புட்டுப் பதறுற? சாயந்தரம் பேசுறேன்" என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். பதறியது தான் மட்டுமல்ல என்பது அவர் போனை வைத்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்தது.

அன்று மாலை ஷிப்ட் முடிந்தபின், ஜாய்ஸ் அந்த நான்கு மாதிரி போல்ட்டுகளையும் எடுத்தாள். கனமான ஓர் இரும்புத் தகட்டில் ஏற்கெனவே துளைகள் இருந்தன. துளைகளில் போல்ட்டுகளைச் செருகி, தலைக்கடியில் ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த ஆப்பு வாஷரைக் கொடுத்து, தகட்டை வைஸ் என்னும் இரும்புப் பிடியில் இறுக்கினாள். மறுபக்கம் நட்டை முறுக்கி வைத்துவிட்டு, யாரும் தொடாமலே முறிகிறதா என்று நாற்பத்தெட்டு மணி நேரம் பார்க்க வேண்டும். புத்தகத்தில் உள்ள சோதனை அதுதான். நீண்ட ஸ்பேனரைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. துணி மாற்றிக்கொண்டு கிளம்பிய பாண்டிச்செல்வி திரும்பி வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"எதுக்குக்கா இது?"

ஜாய்ஸ் சொன்னாள். முழுவதையும் சொன்னாள், கோப்பில் எழுதியதையும் சேர்த்து. பாண்டிச்செல்வி ஸ்பேனரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அன்னைக்கே சத்தமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நானே பொட்டை அழிச்சுட்டு சுவிச்சைப் போட்டிருப்பேன். எங்க சாமி என்ன அம்புட்டுக் கோவக்காரரா? கிணத்துக்குள்ள ஆள் இருக்குன்னா அவரே எந்திரிச்சு வந்து போட்டிருப்பாரு."

"நான் சொன்னா நல்லாருக்காதேன்னு..."

"நல்லாருக்காதாம்ல!" பாண்டிச்செல்வி ஸ்பேனரை இன்னொரு சுற்று இழுத்தாள். "இழுக்கா. ஒம் மரியாதையெல்லாம் இதுல காட்டு."

செவ்வாய்க்கிழமை காலை ஜாய்ஸ்தான் பூட்டைத் திறந்தாள். உள்ளே போனதும் வைஸைப் பார்க்கவில்லை. செருப்பை ஓரமாக விட்டாள், ஜன்னலைத் திறந்தாள், தண்ணீர்ப் பாட்டிலை மேசையில் வைத்தாள். பிறகு பார்த்தாள். தகட்டில் இரண்டு தலைகள்தான் இருந்தன. மூன்றாவது வைஸுக்கு நேர் கீழே கிடந்தது. நான்காவதைத் தேட வேண்டியிருந்தது. அது ஆசிட் தொட்டியையும் தாண்டிச் சுவரோரம் போயிருந்தது. சுவரில் அது பட்ட இடத்தில் காரை பெயர்ந்திருந்தது. இரவு முழுக்க அந்த அறையில் யாரும் இல்லை, எதுவும் அசையவில்லை. ஜாய்ஸ் குனிந்து தலையை எடுத்தாள். அதிலும் அதே கற்கண்டு மினுமினுப்பு.

சிவனாண்டி வந்து, இரண்டு தலைகளையும் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனை எடுத்து அடித்தார். மீண்டும் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

"கிரேன் இஞ்சின் சத்தத்துல அவனுக்குக் கேக்காதும்மா. மத்தியானம் சாப்பிட உக்காருவான், அப்பப் பேசிக்கலாம்."

"மன்னிச்சுக்கங்க சார். மத்தியானம் வரைக்கும் இருக்க முடியாது. நான் போறேன்."

"நீ போயி என்னன்னு சொல்லுவ?"

"எழுதினது பொய்னு சொல்லுவேன்."

சிவனாண்டி போனை மடியில் வைத்தார். "அவனும் நானும் ஒரே பட்டறையில தொழில் கத்துக்கிட்டவுகம்மா. அவன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றார். அது தடை சொல்வது போலவும் இல்லை, அனுப்புவது போலவும் இல்லை. பிறகு எழுந்தார். வைஸிலிருந்து தகட்டைக் கழற்றி, மிச்சமிருந்த இரண்டு போல்ட்டுகளோடும் தலை போன இரண்டு தண்டுகளோடும் அப்படியே ஒரு கோணிச் சாக்கில் மூன்று சுற்றுச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார். "தெறிச்சா பஸ்ல யார் மேலயும் பட்டுறக் கூடாது" என்று சொல்லிப் பெரிய ஒயர் கூடையில் வைத்துக் கொடுத்தார். அவர் நம்பிவிட்டார் என்பது அப்போதுதான் ஜாய்ஸுக்குத் தெரிந்தது. "நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன். எடுத்தா நிறுத்தச் சொல்றேன்."

மாட்டுத்தாவணியில் பஸ் மாறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கூடையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். ஒத்தக்கடை தாண்டியதும் யானைமலை கூடவே கொஞ்ச தூரம் வந்து பின்தங்கியது. பன்னிரண்டு போல்ட்டுகள் என்று அவள் நினைத்துக்கொண்டே வந்தாள். ஒன்று போனால் அதன் பாரம் பக்கத்தில் உள்ள இரண்டுக்கும் போகும். அந்த இரண்டுக்குள்ளும் இதே வாயு இருக்கிறது. எங்கே அதிகமாக இழுக்கப்படுகிறதோ, அங்கே போய்த்தான் அது கூடும். எந்தப் போல்ட் எந்த நேரத்தில் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. மேலூருக்கு அருகே, கால்களுக்கு நடுவில் 'டப்' என்று ஒரு சத்தம் எழுந்தது. கூடை துள்ளி அவள் கணுக்காலில் இடித்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் முருங்கைக்காய்க் கட்டோடு எழுந்தே விட்டார்.

கண்டக்டர் திரும்பினார். "என்னம்மா, கூடைக்குள்ள வேட்டுக் கட்டா? தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்குல்ல?"

"மன்னிக்கணும் சார். போல்ட்தான்."

"போல்ட்டு வெடிக்குமா?"

"ஆமா சார்" என்றாள். வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் போனார். ஆனால் கொட்டாம்பட்டி வந்ததும், அவள் கேட்காமலே, டிக்கெட் எடுக்கும்போது அவள் விசாரித்திருந்த பேச்சிமுத்துவின் பட்டறை வாசலிலேயே விசில் அடித்து நிறுத்தினார்.

பட்டறையில் பேச்சிமுத்துவின் மனைவி முத்துமீனா மட்டும் இருந்தாள். ஜாய்ஸ் சொல்லத் தொடங்கி இரண்டு வாக்கியம் முடியும்முன் அவள் ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள். கிணறு அங்கிருந்து நாலு கிலோமீட்டர். மாந்தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதை. ஸ்கூட்டி குலுங்கக் குலுங்க முத்துமீனா பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டே ஓட்டினாள்.

"காத்து போயிருச்சுன்னா சொல்றீக? டயருக்குத்தானே காத்து போகும்?"

"இரும்புக்குள்ள போயிருக்குங்க."

"அம்புட்டுக் கெட்டி இரும்புக்குள்ள காத்து எப்படிங்க போகும்? கரையான் மாதிரியா?"

"கரையான் தின்னும். இது ஒண்ணையும் தின்னாது. சும்மா இடுக்குல உக்காந்திருக்கும். இழுத்து முறுக்கினா, இழுக்கிற இடத்துக்கு எல்லாம் கூடி வரும். கூடினதும் விரிசல் விட்டுரும்."

முத்துமீனா வேகத்தைக் கூட்டினாள். "இன்னைக்கு ஒச்சாயி மதினியும்ல உள்ள இறங்கியிருக்கு" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

கிரேன் தூரத்திலேயே தெரிந்தது. இஞ்சின் தடதடத்தது. கல்லைக் கொட்டிவிட்டு வெறும் பக்கெட் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜாய்ஸ் வண்டி நிற்குமுன் இறங்கி, கூடையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு ஓடினாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் யாரையும் பார்த்துச் சத்தம் போட்டதில்லை.

"நிப்பாட்டுங்க! இஞ்சினை நிப்பாட்டுங்க!"

பேச்சிமுத்து திரும்பினார். ஓடி வருகிறவளை அடையாளம் தெரிந்ததும் சிரித்தார். பக்கெட் அடியைத் தொட்டதும் இஞ்சினை அணைத்தார். திடீரென்று அந்த வெளி முழுக்க அமைதியானது. பக்கத்துக் கல் மேல் கிடந்த அவருடைய போன் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன மேடம், ஒரு போல்ட்டுக்காக நேர்லயே வந்துட்டீக! அண்ணே அம்புட்டு நேர்மைக்காரரு."

ஜாய்ஸ் சாக்கைப் பிரித்தாள். கம்பி அவள் விரலைக் கிழித்தது. தகட்டை அவர் முன்னால் வைத்து, தலையில்லாத மூன்று போல்ட்டுகளைக் காட்டினாள். சாக்கு மடிப்பிலிருந்து மூன்றாவது தலை உருண்டு விழுந்தது. சொல்ல வேண்டியதை அவள் நின்றபடியே, பள்ளியில் ஒப்பிப்பது போல, ஒன்றுவிடாமல் சொன்னாள். பூஜை, ஓவன், மூன்றரை மணி நேரம், கோப்பில் எழுதிய பன்னிரண்டு மணி நேரம். "எழுதினது நான்தான். கையெழுத்தும் என்னோடதுதான். பொய்" என்று முடித்தாள்.

பேச்சிமுத்துவின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. தகட்டைக் குனிந்து பார்த்தார். "இந்தா, இது ஒண்ணு நிக்குதே."

"நிக்கும். எப்பப் போகும்னு சொல்ல முடியாதுங்க."

அவர் நிமிர்ந்தார். "படிச்ச பொண்ணுதானே நீ? எங்கப்பன் ஊரார் கிணத்துலயெல்லாம் கூலிக்கு இறங்கிச் செத்தான். ஒரு கயிறு அந்து. நான் மொத மொதலா சொந்தமா வண்டி வாங்கும்போது நெனச்சேன், எல்லாத்தையும் கெட்டியாப் போடணும்னு. காசப் பாக்காம இருக்கிறதுலயே கெட்டியானதா வாங்கினேன். அதைக் கொண்டாந்து ஒங்க கையில குடுத்தேன்."

அவள் தலையைக் குனியவில்லை. குனிந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டு முடித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. "அவுகளை மேல எடுங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க" என்றாள்.

கிணறு எழுபது அடி. படி இல்லாத கிணறு. அடியில் மூன்று பேர்: ஆண்டிச்சாமி, அவர் தம்பி, ஆண்டிச்சாமியின் மனைவி ஒச்சாயி. மேலிருந்து பார்த்தால் மூன்று தலைக்கட்டுத் துண்டுகள் மட்டும் தெரிந்தன. அவர்கள் ஏறிவர இருந்தது அந்தப் பக்கெட்தான். அதைத் தூக்க இருந்தது அந்த கிரேன்தான். கிரேனின் கையோ நேராக அவர்கள் தலைக்கு மேல் நீண்டிருந்தது. பேச்சிமுத்து அதைத் திருப்பி ஒதுக்கிவிடலாமா என்று இஞ்சின் பக்கம் ஓர் அடி வைத்தார். பிறகு அந்தச் சுழல் தட்டையும், அதைச் சுற்றிப் பளபளத்த பன்னிரண்டு தலைகளையும் பார்த்துவிட்டு நின்றார். திருப்பினால் அதற்கும் அவைதான் தாங்க வேண்டும்.

"வண்டியைத் தொட வேணாம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆட்களை இழுத்தெடுக்கத் தோட்டக்காரரின் டிராக்டர் உதவியிருக்கும்; அது சந்தைக்குப் போயிருந்தது. மோட்டார் ரூமில் பாரம் கட்டும் நைலான் கயிறு கிடந்தது. கைக்கட்டை விரல் தடிமன், நல்ல நீளம். கயிறு கல்லில் உரசி அறாமல் இருக்க விளிம்பில் ஒரு தென்னந்தடியைக் கிடத்தி, கயிற்றின் ஒரு முனையை அருகே நின்ற தென்னையில் கட்டி, மறுமுனையைக் கீழே விட்டார்கள். பேச்சிமுத்து விளிம்பில் படுத்துக் கத்தினார்.

"அண்ணே! எல்லாரும் கிழக்கால ஒதுங்கிக்கங்க! பக்கெட் பக்கம் வராதீக! கயித்தைப் பிடிச்சு ஏறுங்க!"

கீழிருந்து ஆண்டிச்சாமியின் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல வந்தது. "என்னடா பேச்சிமுத்து, டீசல் தீந்து போச்சா? கஞ்சி குடிக்கிற நேரத்துல வித்தை காட்டச் சொல்ற?"

"ஏறுங்கண்ணே! சொல்றேன்!"

அந்தக் குரலைக் கேட்டதும் கீழே கயிறு இறுகியது. தம்பிக்காரர் முதலில் ஏறினார். பாறையில் காலை ஊன்றி ஊன்றி, பாதியில் நின்று மூச்சு வாங்கி, மேலே வந்ததும் மண்ணில் மல்லாந்து கிடந்தார். அடுத்தது ஆண்டிச்சாமி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கடைசிப் பத்தடிக்கு அவரைக் கயிற்றோடு சேர்த்து இழுத்தார்கள். ஒச்சாயியை முதலில் அனுப்பாமல் அண்ணனும் தம்பியும் ஏறியதற்குக் காரணம் இருந்தது. ஒச்சாயியால் கயிற்றில் ஏற முடியாது. அவளை இழுத்துத்தான் ஆக வேண்டும். இழுக்க மேலே கைகள் வேண்டும்.

"ஏறி வர்றது யாரு, நானா?" கீழிருந்து ஒச்சாயி கேட்டாள். "நான் என்ன கொரங்கா? பக்கெட்டைத் தூக்குங்கடா, நான் உக்காந்துக்கிறேன்!"

ஜாய்ஸ் விளிம்புக்குப் போய், முழங்காலிட்டு எட்டிப் பார்த்தாள். அடியில், பாறைச் சுவரை ஒட்டி, ஒரு சின்ன முகம் மேலே பார்த்தது.

"அம்மா, பக்கெட் வேணாம்மா. கயித்தை இடுப்புலயும் தொடையிலயும் சுத்திக் கட்டிக்கங்க. நாங்க இழுக்குறோம்."

"நீ யாரு தாயி?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "போல்ட்டுக்குப் பூச்சுப் போட்டவம்மா" என்றாள்.

ஆண்டிச்சாமி எப்படி முடிச்சுப் போட வேண்டும் என்று மேலிருந்து சொல்லிக்கொடுத்தார். ஒச்சாயி அவரைத் திட்டிக்கொண்டே கட்டினாள். "அன்னைக்கு மூணு முடிச்சுக்கு ஒங்கள நம்பித்தான் கழுத்த நீட்டினேன், இப்ப இடுப்பையும் நீட்டச் சொல்றீக" என்ற அவள் குரல் சுவரில் பட்டுப் பட்டு மேலே வந்தது. முத்துமீனா வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன் மறுபடி அடித்தது. முத்துமீனா எடுத்துக் கேட்டாள். "சிவனாண்டி அண்ணே. யாரோட வண்டியையோ கேட்டு வாங்கிக்கிட்டு வந்துக்கிட்டிருக்காராம். மேலூர் தாண்டிட்டாராம்" என்றாள்.

ஐந்து பேரும் கயிற்றைப் பிடித்து வரிசையாக நின்றார்கள். முன்னால் பேச்சிமுத்து, அடுத்து ஆண்டிச்சாமி, தம்பிக்காரர், முத்துமீனா, கடைசியில் ஜாய்ஸ். நைலான் கயிறு அவள் விரலில் கிழிந்த இடத்தில் எரிந்தது. அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, செருப்பை உதறிவிட்டு, குதிகாலைச் செம்மண்ணில் பதித்தாள். பேச்சிமுத்து, "ஏலோ" என்றார். இழுத்தார்கள். கயிறு விறைத்தது. தென்னந்தடி முனகியது. ஒரு கை அளவு மேலே வந்தது. பிடித்து நிறுத்தி, கையை மாற்றி, மறுபடி இழுத்தார்கள். கிணற்றுக்குள் ஈரமாகக் கிடந்த பகுதி மேலே வர வர, உள்ளங்கைகள் வழுக்கின. ஒச்சாயியின் திட்டு நின்றுவிட்டது. இப்போது அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது, ஒவ்வோர் இழுப்புக்கும் கொஞ்சம் பக்கத்தில்.

பாதி தூரம் வந்திருக்கும். பக்கவாட்டில் நின்ற கிரேனிலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது.

டப்.

ஒரு சிறு இரும்பு எங்கோ கல்லில் பட்டு உருண்டு நின்றது. ஜாய்ஸுக்கு அது தெரிந்த சத்தம். தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்திருந்தது. கிரேனின் நீண்ட கை, வெயிலில், கிணற்றின் மேல் ஒரு விரற்கடை தாழ்ந்தது போல இருந்தது, தாழாமலும் இருந்திருக்கலாம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சிமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. "விடாதீக" என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

ஜாய்ஸ் கையை மாற்றினாள். கயிறு ஒரு கை அளவு மேலே வந்தது. பிறகு இன்னொரு கை அளவு. அதில், ஈரத்தோடு, வெட்டிய பாறையின் வெள்ளைத் தூளும், யாருடைய கையிலிருந்து என்று தெரியாத சிவப்பும் ஒட்டியிருந்தன.